சடையனும் ஆணியில் தொங்கிய சாக்கும்

மலையடிவாரக் காட்டை ஒட்டி ஒரு முந்திரித் தோப்பு. அதைக் காவல் காத்தது சடையன் என்ற நாய். சடையன் குரைத்தால் காட்டுப்பன்றிகூட ஒதுங்கிப் போகும். ஆனால் அந்தச் சடையன் ஒரு கோணிச் சாக்குக்குப் பயந்தது. சிரிக்காதீர்கள், கதையைக் கேளுங்கள்.

குடிசைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட சாக்கு அது. தோப்புக்காரர் ஆவுடையப்பன் முந்திரிக்கொட்டை அள்ளிப் போட வைத்திருந்தார். சடையனுக்கும் அப்படித்தான் தெரியும், வேலியோரம் நரி வந்து பேச்சுக் கொடுக்கும் வரை.

அப்போது சடையனுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. வயிறு சிவந்து, காது தடித்து, நக்கி நக்கிப் பாதம் புண்ணாகியிருந்தது. நரி அதைப் பார்த்துவிட்டது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாகக் கண் கலங்கி உட்கார்ந்துகொண்டது.

"பங்காளி, இது சொறி. உனக்கு முன்னால் இங்கே இருந்த நாய்க்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. தோப்புக்காரர் அதை அந்தச் சாக்கில் போட்டுக் கட்டி, ஆற்றுக்கு அக்கரை கொண்டுபோனார். சாக்கு திரும்பி வந்தது. நாய் வரவில்லை."

தப்பிக்க வழி உண்டா என்று சடையன் கெஞ்சியது. நரியும் வழி சொல்லிக் கொடுத்தது. அவர் கண்ணெதிரே சொறியக் கூடாதாம். தட்டில் எது விழுந்தாலும் மிச்சம் வைக்கக் கூடாதாம், சாப்பிடாத நாயைத்தான் முதலில் சந்தேகப்படுவார்களாம். அரிப்பு தாங்காவிட்டால் உச்சிவெயிலில் அவர் கண்ணயரும்போது ஓடைக்கரைப் புதருக்குப் போய்ச் சொறிந்துகொள்ள வேண்டுமாம்.

சடையன் ஓடைக்குப் போய்விட்டால் தோப்பில் மேயும் புள்ளிக்கோழிக்கும் அதன் குஞ்சுகளுக்கும் காவல் யார்? அதைச் சடையன் யோசிக்கவே இல்லை. பயம் உள்ளே வந்தால் புத்தி வெளியே போய்விடுகிறதே!

அன்றிலிருந்து அதன் பாடு பெரும்பாடு. ஆவுடையப்பன் பக்கத்தில் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும். தடவ வந்தால் நழுவிவிடும். அவர் சாக்கில் கை வைத்தால் போதும், வாலைச் சுருட்டிக்கொண்டு விறகுக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

நாய் இளைப்பதை அவர் பார்த்தார். காவல் நாயின் சோற்றில் பச்சை முட்டை ஊற்றினால் உடம்பு தேறும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஒருநாள் தனக்கு, ஒருநாள் சடையனுக்கு என்று வைத்திருந்தவர், இப்போது புள்ளிக்கோழி இட்ட முட்டை எல்லாவற்றையும் சடையனுக்கே ஊற்றினார். பாவம், அவர் என்ன கண்டார்? சடையனும் நரி சொன்னபடி வாலை ஆட்டிக்கொண்டு தட்டை வழித்து நக்கியது. அரிப்பு இன்னும் கூடியது.

ஒருநாள் மதியம் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் சடையனின் முகம் வீங்கியது. கண்கள் இடுங்கின. மூச்சு இழுத்தது. தள்ளாடித் தள்ளாடி ஓடைக்குப் போய்ப் புதருக்குள் விழுந்தது. செத்தாலும் இங்கேயே சாவோம், அந்தச் சாக்குக்குள் வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்துத் தோப்பில் கோழி அலறியது. சடையன் குரைக்க வாயைத் திறந்தது. தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. பாதி வளர்ந்த குஞ்சு ஒன்றைக் கவ்விக்கொண்டு நரி வேலியைத் தாண்டியது. போகிறபோக்கில் புதரை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. நரி தன்னை ஓடைக்கு அனுப்பிய காரணம் அந்தப் பார்வையில் சடையனுக்கு விளங்கிவிட்டது.

பொழுது சாயும்போது வீக்கம் சற்று வடிந்தது. புள்ளிக்கோழி அழுதுகொண்டே தேடி வந்தது. நாலு வார்த்தை திட்டத்தான் வந்தது. சடையனின் முகத்தைப் பார்த்ததும் திட்ட மனம் வரவில்லை. சடையன் சாக்கு விஷயம் உட்பட எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தது.

கோழி தலையைச் சாய்த்து யோசித்தது.

"தம்பி, நான் அடைகாத்த மூன்று வாரம் நீ சொறிந்தாயா?"

"இல்லை அக்கா."

"குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு மேய்ந்த இரண்டு மாதம்?"

அந்த நாளெல்லாம் நிம்மதியாகத் தூங்கியது சடையனுக்கு ஞாபகம் வந்தது.

"அப்போது நான் முட்டையே இடவில்லை. மறுபடி இட ஆரம்பித்தேன், நீ மறுபடி சொறிய ஆரம்பித்தாய். இது சொறி இல்லை, தம்பி. என் முட்டை உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இனி அதைத் தொடாதே. புண்ணை அவரிடம் காட்டு."

"சாக்கு?" என்றது சடையன்.

கோழி சடையன் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தது. "எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாளைக்கு நான் இன்னொரு முட்டை இடுவேனே, தம்பி. அதை நிறுத்த என்னால் முடியாதே" என்றது.

மறுநாள் தட்டில் முட்டைச் சோறு விழுந்தது. சடையன் வாய் வைக்கவில்லை. சாக்கை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, ஆவுடையப்பன் காலடியில் போய் மல்லாந்து படுத்துப் புண்ணான வயிற்றைக் காட்டியது.

அவர் குனிந்து பார்த்தார். எழுந்து போய் ஆணியிலிருந்து சாக்கை எடுத்தார்.

சடையனுக்குப் பாதி உயிர் போய்விட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டது.

சாக்கு அதன்மேல் விழவில்லை. சைக்கிள் கேரியரில் கட்டியிருந்த கூடைக்குள் ஆவுடையப்பன் அதை நாலாக மடித்து மெத்தையாக விரித்தார். சடையனைத் தூக்கி அதில் படுக்கவைத்தார்.

"இத்தனை நாள் ஏண்டா எங்கிட்ட காட்டல?" என்றார். அதன் தலையை மெதுவாகத் தடவிக்கொடுத்தார்.

கால்நடை மருத்துவர் ஊசி போட்டு, களிம்பு கொடுத்தார். நரி சொன்ன சாக்குக் கதை பொய் என்று சடையனுக்கு அப்போதுதான் விளங்கியது. நாய் முட்டைச் சோற்றைத் தொடாத சேதியைக் கேட்டதும், இனி ஒரு சொட்டு முட்டைகூட அதன் தட்டில் படக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அரிப்பு ஒரே நாளில் போய்விடவில்லை. புண் ஆற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. இப்போதும் சடையன் தட்டை நன்றாக முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாய் வைக்கும்.

நரி மறுபடியும் ஒரு உச்சிவெயிலில் வந்தது. வேலியோரம் அதே சாக்கை விரித்துப் படுத்திருந்த சடையன் எழுந்து குரைத்தது. அந்தக் குரைப்பில் நரி ஆற்றுக்கு அக்கரைக்கே ஓடிவிட்டது. போன குஞ்சு மட்டும் திரும்பி வரவில்லை.

நோயை ஒளித்துவைத்தால் பகைவனுக்குத்தான் கொண்டாட்டம். நம்மேல் அன்பு வைத்தவரிடம் பயந்துகொண்டாவது அதைச் சொல்லிவிட வேண்டும்.