கிளியைப் பார்க்கும் கண்

செம்பாறை ஜமீனில், ராத்திரி பால் குடித்துப் படுத்த பெரிய ஜமீன்தார் காலையில் எழுந்திருக்கவில்லை. தம்பி பட்டத்துக்கு வந்தார். வந்ததிலிருந்து, கூடத்தில் மாட்டியிருந்த அண்ணன் படம் அவரை நிம்மதியாக இருக்க விடவில்லை.

அதை எழுதிய ஓவியரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்கு வர்ணம் அரைத்த கேசவராஜு, அவர் படங்களைப் பார்த்துப் பார்த்து எழுதியே முகம் எழுதக் கற்றவன். சொந்தமாக ஒரு படம் கிடையாது. அவனைக் கூப்பிட்டார் ஜமீன்தார்.

"திவசத்துக்குள்ளே இதே மாதிரி இன்னொண்ணு எழுது. முடிக்கு முடி அப்படியே இருக்கணும், இல்லேன்னா ஊர் பேசும். ஆனா கண்ணு என்னைப் பார்க்கக் கூடாது. பார்த்துதோ, உன் கட்டைவிரல் போச்சு!"

அந்தக் கண்ணை நாற்பது தடவை எழுதிப் பழகியவன் கேசவராஜு. அது எங்கே பார்க்கிறதென்று அவனுக்குத் தெரியும். போய் எழுதினான்.

திவசத்தன்று சொந்தபந்தம் நிறைந்த கூடத்தில் புதுப்படத்தின் துணியை விலக்கினார்கள். ஜமீன்தார் இரண்டடி பின்வாங்கினார்.

"படுபாவி! இதுவும் என்னையேதான் பார்க்குது!"

கேசவராஜு கைகட்டி நின்றான். "எஜமான், குருநாதர் எழுதினபடியே எழுதியிருக்கேன். விரலை எடுக்கிறதுக்கு முன்னாடி, பெரியவர் எங்கே பார்க்கிறார்னு சபையிலே ஒரு வார்த்தை கேளுங்க."

"கையிலே இருக்கிற கிளியை" என்றார் புரோகிதர்.

"ஆமா, கிளியைத்தான்" என்றார்கள் எல்லாரும்.



கதவோரம் வெள்ளைப் புடவையில் நின்ற அண்ணி மெல்ல முன்னால் வந்தாள்.

"அவர் உங்களை எதுக்குப் பார்க்கணும், தம்பி? அன்னிக்குப் பாலைக் காய்ச்சினது நான். கொண்டுபோய்க் கொடுத்தது யாரு?"