இந்திராணி டீச்சரின் இடது காது

கையில் பிடித்திருந்த கண்ணாடியில் ஒரு முறை பார்த்துவிட்டு இந்திராணி டீச்சர் "நல்லாயிருக்கு" என்றார். புடவைத் தலைப்பை இழுத்து, புதிதாக வைத்த இடது காதின் மேல் போர்த்திக்கொண்டார்.

எதிரே நின்ற தணிகாசலத்துக்கு முகம் விழுந்துவிட்டது. அது அவர் செய்த காது.

திருச்சியில் ஒரு மருத்துவமனையின் பின்பக்கக் கட்டடத்தில் அவர்கள் வேலை செய்த கூடம் இருந்தது. நோயிலோ விபத்திலோ காதையும் மூக்கையும் இழந்தவர்களுக்கு அங்கே செயற்கை உறுப்பு செய்து தருவார்கள். கணினித் திரையில் செதுக்கி, அச்சிட்டு, பொருத்திப் பார்த்து, சரியாக வந்தால் சிலிக்கோன் ரப்பரில் வார்ப்பார்கள். ஜெசிந்தாதான் அங்கே ஆசிரியை. வயது முப்பத்து மூன்று. மாணவர் தணிகாசலத்துக்கு நாற்பத்தெட்டு. இருபது வருடம் கோயம்புத்தூரில் பம்பு கம்பெனியில் வரைபடம் போட்டவர். அளவு என்று வந்துவிட்டால் பெற்ற பிள்ளை சொன்னாலும் நம்பமாட்டார், ஸ்கேல் சொன்னால் நம்புவார்.

வந்த முதல் நாள் திரையில் இருந்த ஒரு தலைக்குக் காது வைக்கச் சொன்னாள் ஜெசிந்தா. முன்பக்கம் பார்த்து நகர்த்தி நகர்த்தி அழகாக ஒட்டவைத்தார். அவள் அந்தத் தலையைப் பக்கவாட்டில் சுற்றினாள். காது தலையை விட்டு ஒரு சாண் பின்னால் அந்தரத்தில் நின்றது. அன்று பட்ட வெட்கத்தில் தணிகாசலம் எதை வைத்தாலும் ஆறு பக்கமும் சுற்றிப் பார்க்காமல் மௌஸை விடுவதில்லை.

இந்தக் காதையும் அப்படித்தான் சுற்றிப் பார்த்து வைத்திருந்தார்.

இந்திராணி டீச்சர் ஓர் ஆரம்பப் பள்ளியின் தலைமையாசிரியை. ஏழு மாதத்துக்கு முன் கட்டி வந்து இடது காதை முழுவதும் எடுத்துவிட்டார்கள். தொடையிலிருந்து தோல் எடுத்து மூடியதில் அந்த இடம் துளைகூட இல்லாமல் வழவழவென்று இருந்தது. அன்றிலிருந்து விடுப்பில் இருந்தார். பள்ளி திறக்கப் பன்னிரண்டு நாள்தான் பாக்கி.

"இதுக்கு மேல லீவு நீட்டிக்க முடியாது சார்" என்றார், காதைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது. "முக்காடு போட்டுக்கிட்டுப் பிள்ளைங்க முன்னாடி போய் நிக்க எனக்கு மனசு வரலை. வேலையை விட்டுடறேன்னு எழுதிக் குடுத்துடலாம்னு இருக்கேன்."

அவர் போன பிறகு தணிகாசலம் ஜெசிந்தாவின் மேசைக்கு வந்தார்.

"எங்க தப்பு மேடம்?"

"எப்படி வெச்சீங்க?"

"வலது காதை எடுத்து, நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் மிரர் பண்ணினேன். உயரம், சாய்வு, தலையிலிருந்து தள்ளி நிக்கிற தூரம், எல்லாம் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். கூட்டலை, குறைக்கலை."

"மூக்குக்கண்ணாடி நேரா உட்கார்ந்துச்சா?"

"இல்லை மேடம். இடது கம்பி கீழ்ப்பக்கமா வளைஞ்சு கிடந்தது. ரொம்பப் பழசு, பதினாறு வருஷமா போடறாங்களாம். நான்தான் நிமிர்த்தி நேராக்கினேன்."

ஜெசிந்தா மௌஸிலிருந்து கையை எடுத்தாள்.

"எப்ப?"

"காலையில."

"அதை வளைச்சது யாரு?"

"யாராவது கண்ணாடிக்கடைக்காரரா இருக்கும்."

"எதைப் பார்த்து வளைச்சிருப்பார்?"

தணிகாசலத்துக்குச் சட்டென்று உறைத்தது. அந்த அம்மாளின் இடது காது வலதைவிட எவ்வளவு கீழே இருந்தது என்று சொல்ல உலகத்தில் மிச்சமிருந்த ஒரே சாட்சி அந்தக் கம்பி. அதைத் தன் கையாலேயே நிமிர்த்திவிட்டார். பழைய படங்களைக் கேட்டு வாங்கி முன்பே பார்த்தாயிற்று. ஒன்றில் பூ மறைத்தது, ஒன்றில் முடி மறைத்தது, பள்ளிக்கூடப் படத்தில் முகமே பொட்டளவு.

"அவங்களையே கேட்டுடலாமா மேடம்?"

"உங்க காது எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் கையை உயர்த்தித் தொடப் போனார்.

"தொடாம சொல்லுங்க."

அவர் கையை இறக்கிக்கொண்டார்.

மறுநாள் டீச்சரை வரச் சொன்னாள் ஜெசிந்தா. அவர் வருவதற்கு முன்பே திரையை அணைத்துவிட்டாள்.

"நான் என்ன பண்ணணும் மேடம்?" என்று கேட்டார் தணிகாசலம்.

"கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க சார்."

டீச்சர் வந்தார். கண்ணாடியின் இடது கம்பியில் ரப்பர் பட்டை கட்டிக் கொண்டையோடு மாட்டியிருந்தார். ஜெசிந்தா காதைப் பற்றிப் பேசவே இல்லை. பள்ளி திறக்கும் முதல் நாள் எப்படி இருக்கும் என்று கேட்டாள்.

"ஒரே அழுகைதான்" என்றார் டீச்சர். "அழற பிள்ளையை நான் தூக்க மாட்டேன். தூக்கினா இன்னும் அழும். என் சாவிக்கொத்தைக் கையில குடுத்துடுவேன். பீரோ சாவி, ஆபீஸ் சாவி எல்லாம் அதுல இருக்கும். இதைத் தொலைச்சா ஸ்கூலையே மூடணும், பத்திரமா வெச்சுக்கன்னு சொல்லுவேன். அழுகையை மறந்துட்டு மணி அடிக்கிற வரைக்கும் அதைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கும்."

பேசிக்கொண்டே இடது கையைத் தூக்கினார். நெற்றியோரம் சரிந்த முடியை விரல் நுனியால் தள்ளிக்கொண்டு போய், காதுக்குப் பின்னால் செருகப் போனார். அங்கே காது இல்லை. கை ஒரு நொடி நின்றது. பிறகு கண்ணாடியைச் சரிசெய்வதுபோல் இறங்கிவிட்டது. முடி மறுபடி முன்னால் விழுந்தது.

ஜெசிந்தா ஒன்றும் பார்க்காதவள்போல் அடுத்த கேள்வியைக் கேட்டாள். இன்னொரு பிள்ளையின் கதை வந்தது. மறுபடியும் கை எழுந்தது. போன முறை நின்ற இடத்திலேயே நின்றது. தணிகாசலம் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தார்.

மூன்றாம் முறை ஜெசிந்தா மெதுவாகச் சொன்னாள். "டீச்சர், கையை எடுக்காதீங்க. அப்படியே இருங்க."

நீலப் பென்சிலால் விரல் நுனி நின்ற இடத்தில் ஒரு புள்ளி வைத்தாள்.

டீச்சருக்கு அப்போதுதான் தன் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று புரிந்தது. கண் நிறைந்துவிட்டது.

"இந்தப் பழக்கம் போகவே மாட்டேங்குது மேடம். ஏழு மாசமாச்சு. யாராவது பார்த்துடுவாங்களோன்னு வெட்கமா இருக்கு."

"போகக் கூடாதுன்னுதான் நானும் வேண்டிக்கிட்டு இருந்தேன் டீச்சர்."

புள்ளியோடு தலையை மறுபடி ஸ்கேன் செய்தார்கள். திரையைப் போட்டுவிட்டு ஜெசிந்தா நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டாள்.

"நீங்களே நகர்த்துங்க சார்."

தணிகாசலம் காதைப் பிடித்துக் கீழே இறக்கினார். ஒரு மில்லிமீட்டர். இரண்டு. ஓரத்தில் எண்கள் மாறின. மூன்றில் கை தயங்கியது. அவருடைய கம்பெனியில் அரை மில்லிமீட்டர் தப்பினால் சாமான் குப்பைக்குப் போய்விடும். நான்கில் காதின் மேல்விளிம்பு புள்ளியைத் தொட்டது. கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்தார். ஆறு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு மௌஸை விட்டார்.

இரண்டு நாள் கழித்துப் புதிதாக அச்சிட்ட காதைப் பொருத்தினார்கள். மூக்குக்கண்ணாடி கோணலாக நின்றது. தணிகாசலம் தான் நிமிர்த்திய கம்பியைத் தானே கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வளைத்தார். கண்ணாடி நேராக வந்தது. ரப்பர் பட்டையைக் கழற்றி மேசையில் வைத்தார்.

முகம் பார்க்கும் கண்ணாடியை நீட்டினால் டீச்சர் மறுபடி 'நல்லாயிருக்கு' என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் தணிகாசலம் அதை எடுக்கவே இல்லை.

"திங்கட்கிழமைதானே ஸ்கூல் டீச்சர்?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"அதுக்கு அடுத்த திங்கட்கிழமை மேடம். போறதுன்னா அதுக்குள்ள கிளாஸ் ரூமெல்லாம் வெள்ளையடிச்சாகணும். அந்த பெயிண்டர் சொன்ன நாள்ல வந்தா அதிசயம். போன வருஷம்கூட..."

பேசிக்கொண்டே டீச்சரின் இடது கை எழுந்தது. முடியைத் தள்ளிக்கொண்டு போய்க் காதுக்குப் பின்னால் செருகிவிட்டு இறங்கியது. முடி அங்கேயே நின்றது. டீச்சர் அதைக் கவனிக்கவில்லை. பெயிண்டர் செய்த அக்கிரமத்தை ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். புடவைத் தலைப்பு தோளிலேயே கிடந்தது.

தணிகாசலம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

டீச்சர் போன பிறகு படிவத்தை நிரப்ப உட்கார்ந்தார். கடைசிக் கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

"மேடம், ரெண்டு காதுக்கும் உயர வித்தியாசம் கேட்டிருக்கு. அளவுப்படி நம்ம காது நாலு மில்லிமீட்டர் கீழ இருக்கு. இங்க என்ன எழுத?"

ஜெசிந்தா அடுத்த நோயாளியின் தலையைத் திரையில் சுற்றிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"வலது காது நாலு மில்லிமீட்டர் மேல இருக்குன்னு எழுதுங்க."