கும்பிட்ட பிறகுதான் சோறு

"எவனோ ஒருத்தன் இந்த ஊரையே கெடுத்து வச்சிருக்கான் சாமி."

செங்கமலம் உட்காரக்கூட இல்லை. கையில் காய்கறிப் பை அப்படியே தொங்கியது.

"தாய் தகப்பன் இல்லாத பிள்ளைக்குச் சோறு போட்டா, பதிலுக்கு ஒரு கும்பிடு வாங்கிக்கணும்னு எவனோ ஆரம்பிச்சிருக்கான். பெரிய வியாபாரி அவன். ஒரு கரண்டி சாம்பாரைக் குடுத்துட்டு ஒரு உயிரோட மானத்தை வாங்கிட்டுப் போயிட்டான். அவன் யாருன்னு தெரியட்டும், சும்மா விடமாட்டேன்."

கூடைச்சாமி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் சந்தையில் கூடை சுமந்தவர். அதனால் அந்தப் பெயர். சந்தைக்குப் பின்னால் சின்ன மடம். நாலு பேருக்குச் சமைப்பார். நாற்பது பேர் வந்தாலும் போதும் என்பார்.

செங்கமலம் ஆதரவற்ற பிள்ளைகள் இல்லத்தில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறாள். முப்பத்திரண்டு பிள்ளைகள். சமையல், தலைவாரல், காய்ச்சல், எல்லாவற்றுக்கும் அவள்தான். பிள்ளைகளுக்கு அவள் அம்மா. சந்தைக்காரர்களுக்கு அவள் பெருந்தொல்லை. அவள் வருவதைப் பார்த்தால் தராசைத் துணி போட்டு மூடுவார்கள். கோபம் வந்தால் மடத்துக்கு வருவாள். வாரத்துக்கு மூன்று தடவை வரும்.

அன்றைக்கு வந்த கோபத்தில் நியாயம் இருந்தது.

முந்தின நாள் ஒரு ஜவுளிக்கடை முதலாளி, தன் அப்பாவின் திதிக்குச் சாப்பாடு அனுப்பியிருந்தார். சாப்பாடு பதினொரு மணிக்கே வந்துவிட்டது. முதலாளி வரவில்லை. அவர் வந்து, பிள்ளைகள் கும்பிட்ட பிறகுதான் சோறு.

பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். எதிரே மூடிய அண்டாக்கள். நாற்காலியில் மாலை போட்ட படம். படத்தில் இருந்தவருக்குப் பசியில்லை. அவர் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். செங்கமலம் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தாளாம்.

முதலாளி வந்தபோது மணி மூன்று.

இரண்டே முக்காலுக்கு அஞ்சலை மயங்கி விழுந்திருந்தாள். ஏழு வயது. இந்தப் பிள்ளையைப் பசியோடு வைக்காதீர்கள், உடம்பு தாங்காது என்று டாக்டர் இரண்டு முறை சொல்லியிருந்தார்.

முதலாளி பதறிப்போனாராம். பிள்ளை கண் திறந்ததும், பாப்பாவையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாராம்.

சாமியின் கத்தி நின்றது.

"ஊர் எப்படி மாறணும்? சொல்லு."

அவள் கொட்டித் தீர்த்தாள். சோறு வந்ததும் பிள்ளைகள் தின்ன வேண்டும், வாத்தியார் வீட்டுப் பிள்ளை தின்கிற மாதிரி, கறிக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளை தின்கிற மாதிரி. படம் எடுக்கக் கூடாது. ஒரு பிள்ளையிடம் பெயர் கேட்டால், அடுத்த தடவை வரும்போது அந்தப் பெயர் ஞாபகம் இருக்க வேண்டும். அண்டா அனுப்புகிற மகராசன் தன் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு பத்திரிகையும் அனுப்ப வேண்டும். பத்தொன்பது வருஷத்தில் ஒரு பத்திரிகை வந்ததில்லை. பந்தியில் மிஞ்சியதுதான் வந்திருக்கிறது.

"நியாயம்," என்றார் சாமி. "நாளைக்கு மத்தியானம் பிள்ளைகளை இங்கே கூட்டிட்டு வா. திதி இல்லை. பிறந்தநாள் இல்லை. யாரும் வரமாட்டாங்க. வெறும் சாப்பாடு."

செங்கமலம் அதிலும் பேரம் பேசினாள். பாயசம் உண்டா என்று கேட்டாள்.

உண்டு என்றார்.

மறுநாள் பன்னிரண்டு மணி. மடத்துக் கூடத்தில் இலை போட்டிருந்தது. சோறு, சாம்பார், வெண்டைக்காய்ப் பொரியல், அப்பளம், பாயசம். சாமி தானே பரிமாறினார். சாப்பிடுங்க கண்ணுங்களா என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

யாரும் கை வைக்கவில்லை.

புது இடம், கூச்சம் என்று செங்கமலம் நினைத்தாள். சாப்பிடச் சொன்னாள். பிள்ளைகள் வாசலைப் பார்த்தார்கள்.

"யாரும்மா வரணும்?" என்று அஞ்சலை கேட்டாள்.

யாரும் வர வேண்டியதில்லை என்றாள்.

"அப்ப படம் எங்கேம்மா?"

படமும் இல்லை என்றாள்.

பிள்ளைகளுக்குப் புரியவில்லை. தங்களுக்குள் குசுகுசுத்துக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவள் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். சுவரில் ஓர் ஆணி இருந்தது. எப்போதோ எதையோ மாட்டியிருந்த வெறும் ஆணி. அவள் அதைக் கைகாட்டினாள்.

முப்பத்திரண்டு பேரும் எழுந்தார்கள். ஆணியைப் பார்த்துக் கைகூப்பினார்கள். கண்ணை மூடிக்கொண்டு பாடினார்கள்.

அன்னமிட்ட கைகளுக்கு
ஆயுள் நூறு ஆகட்டும்
எங்களுக்குச் சோறு தந்த
உங்கள் வீடு வாழட்டும்



பாட்டு முடிந்ததும் உட்கார்ந்தார்கள். முதுகை நிமிர்த்தினார்கள். எல்லா முகமும் ஒரே நேரத்தில் சிரித்தது.

படத்துக்கான சிரிப்பு.

எடுக்க ஆளில்லை. சிரிப்பு அப்படியே நின்றது.

சோற்றில் ஆவி அடங்கியது. பாயசத்தில் ஆடை படர்ந்தது.

"அம்மா," என்றாள் அஞ்சலை, உதட்டைக் கலைக்காமல். "இன்னும் எவ்வளவு நேரம் சிரிக்கணும்?"



சாமி கதவோரம் நின்றிருந்தார்.

"நல்ல பாட்டு. யார் கட்டினது?"

செங்கமலம் பிள்ளைகளைப் பார்த்தாள்.

"நான்தான்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது.

வேலைக்கு வந்த முதல் வருஷம். இல்லத்தில் அரிசி தீர்ந்திருந்தது. முன்பின் தெரியாத ஒருவர் வண்டியில் வந்து ஒரு மூட்டையை இறக்கினார். பெயர் சொல்லவில்லை. உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வண்டியைக் கிளப்பிவிட்டார். அடுத்த மாதம் வருவாரோ மாட்டாரோ என்று அவளுக்குப் பயம். தெருமுனை வரை பின்னாலேயே ஓடினாள்.

"நான்தான் சாமி அவரைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். வேணாம்மா, பிள்ளைங்க சாப்பிடட்டும்னுதான் அந்த மனுஷன் சொன்னாரு. நான் கேக்கலை. பிள்ளைங்களை வரிசையா நிக்க வச்சுக் கும்பிடச் சொன்னேன். அவரு அழுதுட்டாரு. அடுத்த மாசம் ரெண்டு மூட்டை வந்துச்சு. அப்புறம்தான் பாட்டுக் கட்டினேன்."

பிள்ளைகள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் சாமியின் காலில் விழப் போனாள். அவர் சட்டென்று பின்னால் நகர்ந்தார்.

"என்னை ஏன் கும்பிடறே? அங்கே பாரு."

அஞ்சலையின் தலை லேசாக ஆடத் தொடங்கியிருந்தது. உதடு மட்டும் விரிந்தே இருந்தது.

"எவனோ ஒருத்தன்னியே, அந்த ஆளை இழுத்துட்டு வா. பத்தொன்பது வருஷம் ஆச்சு. இப்பவாவது வந்து அந்தப் பிள்ளையைச் சாப்பிட வைக்கச் சொல்லு."