பாதியில் நின்ற கசப்பு மருந்து

தாமரைக் குளத்தில் நீலா என்ற நீர்நாயும் அவளுடைய ஒரே மகன் குமிழியும் வாழ்ந்தார்கள். ஒருநாள் கெளுத்தி மீனின் முள் குமிழியின் காலைக் கிழித்துவிட்டது. புண்ணில் கிருமிகள் புகுந்தன. உடம்பு நெருப்பாய்க் கொதித்தது.

நாரை வைத்தியர் ஒரு பச்சிலையை அரைத்துக் கொடுத்தார்.

"அமாவாசை வரைக்கும் கொடுங்கம்மா. ஒரு வேளைகூட விடக்கூடாது!"

மருந்து நன்றாகவே வேலை செய்தது. குமிழி மறுபடியும் தண்ணீரில் குட்டிக்கரணம் போட்டான்.

"வேண்டாம்மா! கசக்குது!" என்று மருந்தைக் கண்டதும் முகத்தைச் சுளித்து அழுதான்.

வானில் இன்னும் அரை நிலா இருந்தது. ஆனால் பெற்ற மனம் கேட்குமா? "பாவம், பிள்ளைதான் தேறிட்டானே!" என்று நீலா மருந்தை நிறுத்திவிட்டாள். மீதியை நாணல் வேருக்கடியில் பத்திரமாக எடுத்து வைத்தாள். பின்னால் உதவுமாம்!

புண்ணுக்குள் ஒரே ஒரு கிருமி மிச்சமிருந்தான். கிருமிகள் ஒன்று இரண்டாகப் பிரிந்துதான் பெருகும். அப்படிப் பிரிந்தபோது எங்கோ ஏதோ பிசகி, இவன் மட்டும் தடித்த தோலோடு பிறந்துவிட்டான். "டேய் தடியா!" என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். மருந்து வந்ததும் கேலி செய்தவர்கள் எல்லாம் மாண்டார்கள். தடியனும் குற்றுயிராய்த்தான் கிடந்தான்.

"அப்பாடா, நிறுத்திட்டாங்க! இன்னும் கொஞ்ச நாள் கொடுத்திருந்தா நானும் போயிருப்பேன்!"

தடியன் இரண்டானான். இரண்டு நாலாயிற்று. பிறந்த அத்தனைக்கும் அதே தடித்த தோல்; பிரியும்போது மறுபடியும் பிசகியதில் அது இன்னும் தடித்தது.

காய்ச்சல் திரும்பியது. நீலா ஓடிப்போய் எடுத்து வைத்த மருந்தை ஊட்டினாள்.

"இதுவா? இது எங்களை என்ன செய்யும்!" என்று தடியன்கள் சிரித்தார்கள்.

குமிழி கண்ணைத் திறக்கவேயில்லை. நீலா பதறிப்போய் நாரையின் காலில் விழுந்தாள்.

"நான்தான் நிறுத்தினேன் ஐயா! அவன் அழுதான், எனக்குத் தாங்கல!"

நாரை திட்டவில்லை. "எழுந்திருங்கம்மா. மலைக்கு அந்தப் பக்கம் வேற ஒரு வேர் இருக்கு. இதைவிடக் கசக்கும். அடுத்த அமாவாசை வரைக்கும் கொடுக்கணும். அதையும் பாதியில விட்டீங்கன்னா, அப்புறம் என்கிட்ட மருந்தே இல்லை!"

நாரை பறந்துபோய் அந்த வேரைக் கொண்டுவந்தார். குமிழி அழுதான். நீலாவும் கூடவே அழுதாள், ஆனால் ஒரு வேளையும் தவறவிடவில்லை. காய்ச்சல் விட்டது, கொடுத்தாள். மகன் நீந்தத் தொடங்கினான். அப்போதும் துரத்திப் பிடித்துக் கொடுத்தாள்.

அடுத்த அமாவாசையும் வந்தது. கடைசி வாய் மருந்தை விழுங்கிவிட்டுக் குமிழி கேட்டான்: "நாளைக்கும் உண்டாம்மா?"

"முடிஞ்சுதுடா கண்ணு!" என்று நீலா அவனை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

நோய் தணிந்ததும் மருந்தை நிறுத்தினால் தப்பிய கிருமி அந்த மருந்தையே வென்றுவிடும்; பிள்ளை அழுதாலும் சொன்ன நாள்வரை கொடுப்பதே பாசம்.