மை தடவாத சுவடி

முன்னொரு காலத்தில் செங்காட்டு நாட்டை மாறவேள் என்ற அரசன் ஆண்டான். அவன் குற்றங்களை வரிசையாகவே சொல்கிறேன். முதலில், சந்தைக்கு வந்த சுவடிகளையெல்லாம் வாங்கினான். பிறகு, பள்ளிகளில் இருந்தவற்றையும் வாங்கினான். அதன் பிறகு, எல்லாவற்றையும் பட்டில் கட்டி அறையில் பூட்டினான். கடைசியாக, ஒன்றையும் படிக்கவில்லை. அரசன் செய்தால் இதற்குப் பெயர் புலமை.

ஒருநாள், ஓலைச்சுவடி எழுதிப் பிழைத்து இறந்துபோன ஒருவனின் மனைவி வயல் சேறு காயாத காலோடு அவைக்கு வந்தாள்.

"சாமி, என் புருஷன் கடைசியாக எழுதிய சுவடியை உங்கள் ஆட்கள் வாங்கி வந்துவிட்டார்கள். எனக்கு எழுத்து தெரியாது. ஒரே ஒருமுறை யாராவது படித்துக் காட்டினால் போதும்."

அவைப்புலவர் அரங்கண்ணல் சிரித்தார். "நாற்று நடுகிறவளுக்குச் சுவடி ஒரு கேடா?"

"கட்டைப் பிரித்தால் பட்டு கசங்கும்" என்றான் அரசன்.

அமைச்சர் இளநாகர் அன்றிரவு பூட்டிய அறையிலிருந்து அவள் புருஷனின் சுவடியை எடுத்தார். மறுநாள் அவளையும் வரச் சொல்லிவிட்டு, அதே சுவடியை வேறு பட்டில் கட்டிக் கொண்டுவந்தார்.

"அரசே, அருமையான நூல். விலைக்குத் தருகிறேன்."

அரசனின் கை துறுதுறுத்தது. "வாங்கினேன்!"

"எப்படியிருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?"

அரங்கண்ணல் முந்திக்கொண்டு ஓர் ஏட்டைப் புரட்டினார். "அடடா, என்ன உவமை! என்ன நடை!"

"நானும் அதைத்தான் நினைத்தேன்" என்றான் அரசன்.

"புலவரே, எழுத்தாணியால் கீறிய ஓலையில் மை தடவினால்தான் எழுத்து தெரியும். இதில் இன்னும் யாரும் தடவவில்லை" என்றார் இளநாகர். "அரசே, சுவடியின் மேல்பலகையில் உங்கள் முத்திரையைப் பாருங்கள். உங்கள் சுவடியைத்தான் உங்களுக்கே விற்றேன்."

அரசன் இறங்கி வந்து தரையில் உட்கார்ந்தான். விளக்குக் கரியைத் தன் விரலாலேயே தடவினான். எழுத்துகள் மெல்ல எழுந்தன. அது நடவுப் பாட்டு. அவன் படிக்கப் படிக்க அவள் உதடுகளும் அசைந்தன.

"உனக்கு எப்படித் தெரியும், அம்மா?"

"நான் வயலில் பாடுவது, சாமி. அவர் வரப்பில் உட்கார்ந்து கேட்பார். இதையா எழுதினார்?"

அப்போது வாசலில் ஒரு வணிகன் பட்டுக் கட்டுகளோடு வந்து நின்றான். அரசனின் கை தானாக எழுந்தது. மற்றக் கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"போய் வாரும். நான் இன்னும் இதையே முடிக்கவில்லை."

பள்ளிச் சுவடிகள் திரும்பிப் போகும் என்றான். அதற்குமுன் ஒவ்வொன்றுக்கும் மை தடவும் வேலை அரங்கண்ணலுக்கு.

கடைசி ஏடு வந்தது. அரசன் எழுந்தான், அவையையும் எழுந்து நிற்கச் சொன்னான். பிறகு எல்லோர் காதிலும் விழும்படி படித்தான்:

"எழுதியது என் கை. பாடியவள் சடைச்சி."