ஒரு கை திரும்பிய கதை

அந்தக் காலத்தில் மாடு பேசும், மரம் பேசும், மனுஷனுடைய கைகளும் பேசும். பேசினால்கூடப் பரவாயில்லை, இரண்டும் ஓயாமல் சண்டை போடும். பாரம் தூக்கும்போது மட்டும் ஒற்றுமை. இரண்டு உள்ளங்கையும் அவன் உடம்பைப் பார்த்தபடிதான் பிடிக்கும். வேறு பிடி அவற்றுக்குத் தெரியாது.

ஆவுடையப்பன் செக்காட்டுகிறவன். அவனும் பெண்டாட்டி பிரமுவும் பிள்ளை மாதிரி வளர்த்த செவலைக்காளைதான் செக்கைச் சுற்றும். ஒருநாள் கயிறு அறுந்து, உருட்டுக்கட்டை மாதிரியான செக்குத்தடி சரிந்து, காளையைச் சாய்த்து அதன் கழுத்தின் மேலேயே கிடந்தது. பிரமு அதன் தலையைத் தாங்கிக்கொண்டு அழுதாள்.

ஆவுடையப்பன் குனிந்து தூக்கினான். தடி அசைந்தது, ஆனால் கை வழுக்கிவிட்டது. வருஷக்கணக்காக எண்ணெயில் ஊறிய கை, வழுக்காமல் என்ன செய்யும்? பிரமு ஓடிப்போய் அடுப்புச் சாம்பலை அள்ளிவந்து தேய்த்துவிட்டாள். வழுக்கல் நின்றது. ஆனால் பாவி தடி உருண்டு விரல்களைப் பிரித்துவிட்டது. கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் அதை அமுக்கிப் பார்த்தான். கட்டைவிரல் உயிர் போகிற மாதிரி கத்தியதுதான் மிச்சம்.

காளைக்கு மூச்சு முட்டியது. கீழே கிடந்த அதற்குத்தான் தடியின் போக்கு தெரிந்தது.

"அப்பா, தடி உங்க விரல் பக்கமாவே உருளுது. ஒரு கை எதிர்ப்பக்கம் திரும்பித் தடுக்கணும்" என்றது.

திருநீறு பூசுகிற கை நான், நானா புரண்டு நிற்பது என்று வலக்கை முறைத்தது. அந்த நேரத்திலும் அதற்குக் கௌரவம்!

"நீ அப்படியே இரு. நான் திரும்பிக்கிறேன்" என்றது இடக்கை.

அதன் உள்ளங்கை வெளியே பார்த்தது. இரண்டு பக்கமும் அடைபட்டதால் தடிக்கு உருள வழியில்லை. ஆவுடையப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். காளை தலையை உருவிக்கொண்டு எழுந்தது. பிரமு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

ஆனால் திரும்பிய கையின் முழங்கை மடிப்பு வீங்கிப்போனது. சாப்பிட உட்கார்ந்தபோது அது அசையாமல் மடியில் கிடந்தது. பிசைந்த சோற்றை எடுக்க வலக்கைக்கு மனசு வரவில்லை.

"அடுத்த தடவை நான் திரும்புறேன்" என்றது.

அன்று முதல்தான் பெரும்பாரம் தூக்குகிறவர்களின் ஒரு கை உள்ளே பார்க்கிறது, ஒரு கை வெளியே பார்க்கிறது. எந்தக் கைக்கும் வலி தங்கிவிடாமல், இரண்டும் முறை மாற்றிக்கொள்கின்றன.