குதிரை வராத குதிரைப் பாட்டு

இந்தக் கதையில் சீடருக்கு வயது ஐம்பத்து மூன்று, குருவுக்கு நாற்பத்தொன்று. இப்படியும் உண்டா என்று கேட்க வேண்டாம். சீடருக்கே அது கொஞ்ச நாள் உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

சீடர் பெயர் குழந்தைவேலு. ஒரு நாளிதழில் பக்கம் வடிவமைப்பவராக இருபத்தேழு வருடம் இருந்தவர். பத்தி அகலத்துக்குப் படத்தை வெட்டுவதில் அவர் கை வைத்தால் மறுபேச்சு கிடையாது. பத்திரிகை மூடியதும், கொடைக்கானல் மலையடிவாரத்தில் ஒரு கல்லூரியில் விஸ்காம் எனப்படும் காட்சித் தொடர்பியல் துறையில் ஆசிரியராகச் சேர்ந்தார். சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகிறது. முதல் வகுப்பில் அவர் சொன்ன முதல் பாடம் இது: "படத்திலே எது கண்ணை இழுக்கலையோ அதை வெட்டு. இரக்கம் பார்க்காதே."

குரு, துறைத் தலைவர் பிலோமினா. ஒரு கேள்வி கேட்டால் பதில் தர மாட்டார், வேலை தருவார். அதனாலேயே குழந்தைவேலு அவர் அறைக்குப் போவதற்கு முன் தெம்பாக ஒரு டீ குடித்துவிட்டுப் போவது வழக்கம்.

அன்றைக்கு டீக்கு நேரமில்லை. நாலு மணிக்குள் மதிப்பெண் தாள் தேர்வு அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். மணி இரண்டே முக்கால்.

"மேடம், பத்து குரூப் முடிஞ்சுது. ஒண்ணே ஒண்ணு இடிக்குது."

"யாரு?"

"நிரோஷினி."

பிலோமினா கணினித் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். "உட்காருங்க சார்."

விஷயம் இதுதான். ஒவ்வொரு வருடமும் பிலோமினா ஒரு பிஸ்கட் டப்பாவில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்குவார். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு இசை வகை இருக்கும். எது வருகிறதோ, அதில் ஒரு பாட்டு எழுதி, காணொளி எடுத்து, அதற்கான விளம்பரங்களையும் மாணவர்களே செய்ய வேண்டும். ஒருவருக்குக் கானா வரும், ஒருவருக்கு ராப் வரும். நிரோஷினிக்கு வந்தது கன்ட்ரி. அமெரிக்காக்காரர்கள் தொப்பியும் கிட்டாருமாகக் குதிரையோடு பாடுகிற பாட்டு. வகுப்பே சிரித்தது. "குதிரைக்கு எங்கேடி போவே?" என்று ஒருத்தி கேட்டாள். "எங்க வீட்டிலேயே இருக்கு" என்றாள் நிரோஷினி. அவள் அப்பா தங்கையா, கொடைக்கானல் ஏரிக்கரையில் சவாரிக் குதிரை வைத்திருப்பவர்.

"வீட்டிலே குதிரை இருக்கு மேடம்," என்றார் குழந்தைவேலு. இப்போதும் அந்த ஆச்சரியம் அவருக்குத் தீரவில்லை. "வேற எந்தக் காலேஜிலே எந்தப் பிள்ளைக்கு இப்படி அமையும்? ஆனா வீடியோவிலே குதிரையையே காணோம். நாலு நிமிஷமும் அவ அப்பா முதுகுதான். ஒரு கயித்தைப் பிடிச்சுக்கிட்டு மனுஷன் நடந்துக்கிட்டே இருக்காரு. கடைசியிலே ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறாரு. முடிஞ்சுது."

"போஸ்டர்?"

குழந்தைவேலு கையோடு கொண்டுவந்த சுருளை மேசையில் விரித்தார். பளபளவென்று ஒரு குதிரை. முதுகில் சேணம் இருந்தது, ஆள் இல்லை. கழுத்திலிருந்து போன கயிறு படத்தின் விளிம்போடு முடிந்துவிட்டது. ஆல்பத்தின் மேலட்டையிலும் அதே குதிரை. முன்னோட்டம் முப்பது விநாடி, அதிலும் அதே குதிரை.

"விளம்பரத்திலே குதிரை இருக்கு, மனுஷன் இல்லை. பாட்டிலே மனுஷன் இருக்காரு, குதிரை இல்லை. போஸ்டரைப் பார்த்துட்டு உள்ளே வர்றவன் ஏமாந்து போவான் மேடம். எங்க பேப்பர்லே இப்படி ஒரு தலைப்பும் இப்படி ஒரு செய்தியும் வச்சிருந்தா எடிட்டர் என் சீட்டைக் கிழிச்சிருப்பாரு."

"அவ என்ன எழுதியிருக்கா?"

மதிப்பீட்டுப் படிவத்தில் மாணவர்கள் தாங்களே பதில் எழுத வேண்டிய ஒரு கேள்வி உண்டு. 'உங்கள் விளம்பரம் உங்கள் காணொளியோடு பொருந்துகிறதா? விளக்குக.' மற்றவர்கள் இரண்டு பக்கத்துக்குத் தங்களைத் தாங்களே புகழ்ந்து தள்ளியிருந்தார்கள். நிரோஷினி எழுதியிருந்தது ஒரே ஒரு சொல்.

பொருந்தவில்லை.

"அவளே ஒத்துக்கிட்டா," என்றார் குழந்தைவேலு. சொல்லும்போதே அவருக்குக் குரல் இறங்கியது. "காணொளிக்கு முப்பத்தொண்ணு போட்டேன். கேமரா ஆடுது, அதுக்குக் குறைச்சேன். விளம்பரத்துக்குப் பதினாலு. பொருத்தத்துக்கு இருபது. அதிலே பூஜ்ஜியம் போட்டுட்டேன். பேனாவாலேயே எழுதிட்டேன்."

"மொத்தம் நாற்பத்தஞ்சு."

"மொத்தம் இன்னும் எழுதலை."

ஐம்பது எடுத்தால்தான் தேர்ச்சி. திங்கட்கிழமை சென்னையிலிருந்து ஒரு படத்தொகுப்பு நிறுவனம் ஆள் எடுக்க வருகிறது. அரியர் இருந்தால் உள்ளே விட மாட்டார்கள். அவர்கள் முன்கூட்டியே கேட்டு வாங்கிய பட்டியலில் முதல் பெயர் நிரோஷினி.

"அவ மேலே எனக்குக் கோபம் எதுவும் இல்லை," என்றார் அவர். "நல்ல பொண்ணு. ஆனா கண்ணுக்கு எதிரே பொருந்தாததைப் பொருந்துதுன்னு எப்படி எழுதறது? ஏன் இப்படிச் செஞ்சான்னுதான் புரியலை. வேணும்னா அவளைக் கூப்பிட்டுக் கேட்டுருவோமா?"

"அவதான் பதில் எழுதிட்டாளே சார். இன்னும் என்ன கேட்கறது?"

பிலோமினா கணினியை அவர் பக்கம் திருப்பி, காணொளியைப் போட்டார். ஒலியை மட்டும் மொத்தமாகக் குறைத்துவிட்டார்.

"கேமரா ஆடுதுன்னு சொன்னீங்க. எப்படி ஆடுது?"

இதுவும் ஒரு கேள்வியா என்றுதான் அவருக்குத் தோன்றியது. ஆனாலும் பார்த்தார். படம் மேலும் கீழும் ஆடியது. பிறகு பக்கவாட்டில் லேசாகச் சாய்ந்தது. மறுபடி மேலும் கீழும். நடுங்குகிற கையின் ஆட்டமாக அது தெரியவில்லை. ஒரே சீராக இருந்தது.

"தாளம் மாதிரி ஆடுது," என்றார்.

"எந்த உசரத்திலேயிருந்து எடுத்திருக்கா?"

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். தங்கையாவின் தலை உச்சி தெரிந்தது. சாயம் போன கம்பளித் தொப்பி, தோளில் ஒரு துண்டு. கையிலிருந்து கயிறு கிளம்பி, கீழே இறங்கி, திரைக்கு வெளியே போனது.

"மேலேயிருந்து. ஆளை விட உசரமா…" குழந்தைவேலு நிமிர்ந்தார். "குதிரை மேலே உட்கார்ந்து எடுத்திருக்கா!"

பிலோமினா ஒலியைக் கூட்டினார். கிட்டாருக்கு அடியில், இத்தனை நேரம் அவர் ஏதோ மேளம் என்று நினைத்திருந்த சத்தம், குளம்படிச் சத்தம். நிரோஷினியின் தோழி பாடிக்கொண்டிருந்தாள்.

*ஏரியைச் சுத்தி எத்தனை சுத்து,*
*ஏறினதில்லை ஒரு தரமும்.*

"அப்ப குதிரை இருக்கு," என்றார் அவர், சின்னப் பையனைப் போல. "நாம அது மேலே உட்கார்ந்திருக்கோம். அதான் தெரியலை."

"ம்."

"சரி. கேமராவுக்குக் குறைச்சது என் தப்பு. ஆனாலும் போஸ்டர் போஸ்டர்தானே மேடம்? அதிலே இவரு இல்லையே? தங்கையாவை ஒரு ஓரமா நிக்க வச்சிருந்தாக்கூட இருபதையும் போட்டிருப்பேன். ஏன் வைக்கலை?"

பிலோமினா காணொளியை நிறுத்தினார். தங்கையாவின் முதுகு திரையில் அப்படியே நின்றது.

"சார், நீங்க கொடைக்கானல் போயிருக்கீங்களா?"

"அதென்ன கேள்வி? போகாமலா? பதினெட்டு வருஷம் முன்னாலே குடும்பத்தோட போனோம். என் பொண்ணுக்கு அப்ப ஆறு வயசு. ஏரிக்கரையிலே குதிரை ஏறினா." அவர் முகம் மலர்ந்தது. "அந்த போட்டோ இன்னும் எங்க ஹால்லே மாட்டியிருக்கு. வீட்டுக்கு யாரு வந்தாலும் முதல்லே அதைத்தான் பார்ப்பாங்க."

"பார்க்கலாமா?"

"இப்பவா?"

"மணி மூணுதான் ஆகுது."

இதோ வேலை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போன் போட்டார்.

"ஏங்க, ஏதாவது பிரச்சினையா?" என்றார் மனைவி.

"ஒண்ணுமில்லை. ஹால்லே பாப்பா குதிரை மேலே இருக்கிற படத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு."

"காலேஜிலே குதிரைப் படத்துக்கு என்ன வேலை?"

"அனுப்பேன், சொல்றேன்."

"தூசி தட்டிட்டு அனுப்புறேன். நாலு பேரு பார்ப்பாங்க."

காத்திருக்கும் நேரத்தில் பிலோமினா கேட்டார். "குழந்தை பயப்படலையா?"

"பயந்தாளே! ஏத்தி விட்டதும் ஒரே அழுகை. இறக்கிடலாம்னு கிட்டே போனேன். அப்புறம் பார்த்தா சிரிக்கிறா. அந்தக் குதிரைக்காரர் முன்னாலே நடந்துக்கிட்டே ஏதோ பேசிக்கிட்டு வந்தாரு. குதிரைக்கு என்ன பிடிக்கும், ராத்திரி எப்படித் தூங்கும், இப்படி என்னமோ. இறங்கறதுக்கே அவளுக்கு மனசில்லை. ரொம்ப நாளைக்கு அந்தக் கதையையே சொல்லிக்கிட்டிருந்தா."

"ஆளு எப்படி இருந்தாரு?"

குதிரையின் நெற்றியில் வெள்ளைத் திட்டு இருந்தது குழந்தைவேலுவுக்கு நினைவிருந்தது. மகள் போட்டிருந்த மஞ்சள் ஸ்வெட்டரின் பித்தான் வரை நினைவிருந்தது. அந்த ஆள் நெட்டையா, குட்டையா, வயதானவரா, ஒன்றும் வரவில்லை.

போன் சிணுங்கியது. மனைவி இரண்டு தடவை அனுப்பியிருந்தார். முதலாவதில் கண்ணாடியில் ஜன்னல் பிரதிபலித்தது, இரண்டாவது தெளிவாக இருந்தது. மஞ்சள் ஸ்வெட்டரில் மகள், வாய் நிறையச் சிரிப்பு. நெற்றியில் வெள்ளைத் திட்டோடு குதிரை. அதன் கழுத்திலிருந்து ஒரு கயிறு புறப்பட்டு, சட்டத்தின் ஓரம் வரை வந்தது. ஓரத்தில் அந்தக் கயிற்றைப் பிடித்த நாலு விரல்கள். அவ்வளவுதான். விரலுக்கு மேல் கை இல்லை.

பிலோமினா அவர் கையிலிருந்த போனை வாங்கி, மேசையில் விரித்திருந்த போஸ்டருக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு எழுந்து போய் ஜன்னல் திரையை விலக்கிவிட்டு வந்தார்.

குழந்தைவேலு போனைப் பார்த்தார், போஸ்டரைப் பார்த்தார். இரண்டிலும் கயிறு ஒரே பக்கம்தான் போய் நின்றிருந்தது. திரையில் நின்றிருந்த முதுகைப் பார்த்தார்.

"நான்தான் வெட்டினேன் மேடம்," என்றார் கடைசியில்.

"எதை?"

"இந்தப் படத்தை. பிரேம் சின்னதா இருந்துச்சு. ஆபீஸ்லே ஸ்கேல் வச்சு, பிளேடாலே நானேதான் வெட்டினேன். விரல் மட்டும் தப்பிச்சிருச்சு. அதையும் எடுத்தா குதிரையோட காதை வெட்ட வேண்டி வந்திருக்கும், அதனாலே விட்டேன்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "நல்லா வெட்டியிருக்கேன்னு எல்லார்கிட்டேயும் காட்டினேன்."

"ஏரிக்கரையிலே தினம் எத்தனை போட்டோ எடுப்பாங்க சார்?"

"எண்ணி மாளாது."

"அத்தனையும் ஏதோ ஒரு வீட்டிலே மாட்டியிருக்கும்."

குழந்தைவேலு படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். 'பொருந்தவில்லை' என்ற அந்த ஒற்றைச் சொல்லை மறுபடி படித்தார். இது ஒப்புதல் வாக்குமூலம் என்று அரை மணி நேரத்துக்கு முன் நினைத்திருந்தார். இப்போது படித்தால், அப்பாவைப் பற்றி ஒரு மகள் ஊருக்கு எழுதிய புகார் மாதிரி இருந்தது. ஊரில் தானும் ஒருவன் என்பதும் அவருக்கு உறைத்தது.

"இதுக்குத்தான் இருபதும் போடணும். பூஜ்ஜியத்தைப் பேனாவாலே எழுதிட்டேனே," என்றார் திடீரென்று. "அடிச்சுத் திருத்தினா தேர்வு அலுவலகத்துக்கு விளக்கக் கடிதம் கொடுக்கணுமே. திங்கட்கிழமைக்குள்ளே முடியாதே."

"தாளைக் காட்டுங்க."

காட்டினார். பொருத்தம் என்ற கட்டத்தில் அவர் எழுதிய பூஜ்ஜியம் உருண்டையாக உட்கார்ந்திருந்தது. பத்திரிகைக்காரர் பழக்கம், கட்டத்தின் வலது ஓரத்தை ஒட்டியே எழுதியிருந்தார். முன்னால் இடம் காலியாகக் கிடந்தது.

பிலோமினா தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

குழந்தைவேலு பேனாவைத் திறந்தார். பூஜ்ஜியத்துக்கு முன்னால் ஒரு இரண்டை எழுதினார். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. மொத்தம் அறுபத்தைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மை காயும்வரை ஊதினார். மணி மூன்று இருபது.

எழுந்து கதவு வரை போனவர் நின்றார். கையில் தாள், சட்டைப் பையில் போன். முகத்தில் பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளையின் குழப்பம்.

"மேடம், ஒரு கேள்வி."

"கேளுங்க சார்."

"நான் வெட்டின அந்தத் துண்டு… ஆபீஸ் குப்பைக்கூடையிலேதான் போட்டேன். அதை அப்புறம் நினைச்சுக்கூடப் பார்த்ததில்லை. அது எங்கே போயிருக்கும்?"

பிலோமினா கணினியில் ஒரு விசையைத் தட்டினார். நின்றிருந்த படம் அசைந்தது. குளம்படி கேட்டது. தொங்கிக்கொண்டிருந்த கயிறு இழுபட்டது. தங்கையா நடந்தார், நடந்துகொண்டே கழுத்தைத் திருப்பி, மேலே உட்கார்ந்திருப்பவரை ஒரு தரம் பார்த்தார்.

"எங்கேயும் போகலை சார். இதோ, முன்னாலே நடந்துக்கிட்டுத்தான் இருக்காரு."